அம்புலிமாமா தந்த சக்கரபாணி

நள்ளிரவு. சுடுகாடு. ஒரு கையில் உருவிய வாள். தோளில் தொங்கும் பிணம். அஞ்சாமல் நடந்து செல்கிறான் ஓர் அரசன். அவன் பெயர் விக்கிரமாதித்தன். இன்றைய குழந்தைகளுக்கு வானில் பறக்கும் சூப்பர் ஹீரோக்கள் இருப்பதுபோல, அவர்களுடைய தாத்தா பாட்டியின் இளமையில் இம்மன்னன் இருந்தான். மாதந்தோறும் அவனை வீடு தேடி அழைத்து வந்த இதழ் அம்புலிமாமா. அவ்விதழை உருவாக்கியவர்களுள் ஒருவர் சக்கரபாணி.

ஆந்திர மாநிலம் தெனாலியில் 1908ஆம் ஆண்டு பிறந்த இவரது இயற்பெயர் ஆலூரி வேங்கட சுப்பாராவ். சக்கரபாணி என்பது புனைபெயர். இளமையிலேயே இவரைக் காசநோய் பற்றியது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் சத்துள்ள உணவுமே மருத்துவம். அதனால் 1932ஆம் ஆண்டில், அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமனைக்குச் சென்று தங்கினார்.

பிழைப்போமா என்பதே உறுதியில்லாத நிலை. உறவினர் அருகில் இல்லை. அத்தகைய நாள்களைச் சக்கரபாணி கவலையில் கழிக்கவில்லை. அங்கிருந்த ஒருவரின் துணையோடு வங்க மொழியைக் கற்றார். நோய் தணிந்து திரும்பியபோது அவரிடம் ஒரு புதிய மொழி இருந்தது. சரத்சந்திரரின் புதினங்களை வங்கத்திலிருந்து நேரடியாகத் தெலுங்கில் பெயர்த்தார். அவற்றைப் படித்த தெலுங்கு மக்கள், சரத்சந்திரரைத் தம் ஊர் எழுத்தாளராகவே எண்ணி மகிழ்ந்தனர்.

பின்னர்ச் சென்னைக்கு வந்த அவருக்கு, அச்சகம் நடத்திய பி. நாகிரெட்டியின் நட்புக் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1947ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கென ஓர் இதழைத் தொடங்கினர். தெலுங்கில் அது சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. இரண்டும் நிலாவையே குறிக்கும். பிறகு கன்னடம், இந்தி, மலையாளம், மராத்தி எனப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அவ்விதழ் வெளிவந்தது. சக்கரபாணி மருத்துவமனையில் கற்ற வங்க மொழியும் அவற்றுள் ஒன்று.

எளிய சொற்கள், சிறிய தொடர்கள், பக்கந்தோறும் ஓவியங்கள் ஆகியவை அதன் சிறப்புகள். வேதாளத்தைச் சுமக்கும் விக்கிரமாதித்தனின் புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்தவர் தமிழரான சங்கர். ஒருமுறை வரைந்த ஓவியம் எல்லா மொழி இதழ்களிலும் இடம்பெற்றது. சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் பலர். அவர்கள் இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்தால், படம் ஒன்றாக இருக்கும்; எழுத்து மட்டும் வேறாக இருக்கும். படத்தைப் பார்த்தே தெரியாத மொழியின் பொருளை ஊகித்து அறியலாம். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

திரைத்துறையிலும் இவ்விரு நண்பர்கள் விஜயா நிறுவனத்தின் வழியாகப் புகழ் பெற்றனர். தெலுங்கில் மிஸ்ஸம்மா, தமிழில் மிஸ்ஸியம்மா என 1955இல் வந்த படத்தின் கதை, வங்கப் படைப்பைத் தழுவியதே. மதனப்பள்ளியில் கற்ற மொழி அங்கும் பயன் தந்தது.

சக்கரபாணி 1975ஆம் ஆண்டு மறைந்தார். நாகிரெட்டி 1980 முதல் 1983 வரை திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவராகப் பணியாற்றினார். அவர் 2004இல் காலமானார். அடுத்த பத்தாண்டுக்குள் அம்புலிமாமாவும் நின்றுபோனது. ஆயினும், பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உள்ளனர்.

விக்கிரமாதித்தன் விடை சொன்னதும் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். மன்னனும் சலிக்காமல் திரும்பி நடப்பான். பறக்கும் ஆற்றல் அவனுக்கு இல்லை, விடாமுயற்சி இருந்தது. நோய்ப் படுக்கையில் எழுத்துக் கூட்டிப் படித்த இளைஞரிடம் இருந்ததும் அதுவே.

சொற்பொருள்
அம்புலி – நிலா
புதினம் – நாவல்
ஊகித்து – குறிப்பால் உணர்ந்து
சலிக்காமல் – சோர்வடையாமல்

பயிற்சி
1. சக்கரபாணி மதனப்பள்ளிக்குச் சென்றது ஏன்?
2. அங்குக் கற்ற மொழி அவருக்கு எவ்வாறு பயன்பட்டது?
3. மீண்டும் வேதாளம் முருங்கை மரம் ஏறியது என்னும் மரபுத்தொடர் எப்பொழுது வழங்கும்? ஒரு சூழலை எழுதுக.
4. வீட்டில் பெரியோரிடம் ஒரு விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு, தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.