மண்ணில் மருந்து கண்ட மாமேதை

காசிமேட்டில் நாள் முழுதும் ஈர மீனைக் கையாளும் தாய்மார்களின் விரலிடுக்கு வெளுத்து, வெடித்து, எரிவதை நம்மில் பலர் கண்டிருப்போம். நீரிலேயே ஊறும் கைகளில் இத்துன்பத்தைத் தருவது பெரும்பாலும் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாகும். அப்பூஞ்சையை வெல்ல இந்திய மண்ணிலிருந்தே மருந்து கண்ட அறிஞர்தாம் எம். ஜே. திருமலாச்சார்.

1914ஆம் ஆண்டு பிறந்த இவர் மருத்துவர் அல்லர், பூஞ்சையியல் வல்லுநர். பயிர்களை வாட்டும் துரு நோயையும் கரிப்பூட்டை நோயையும் ஆராய்ந்தவர். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்றார். காசியிலும் பெங்களூரிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னர், புனே அருகே பிம்பிரியில் 1954இல் அரசு நிறுவிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையின் ஆராய்ச்சித் தலைவரானார்.

பூஞ்சைக்கு மருந்து காண்பது எளிதன்று. பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின் பூஞ்சையைத் தொடாது. பூஞ்சையின் செல்லோ நம் செல்லைப் பெரிதும் ஒத்தது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் வருத்தக்கூடும். இந்த இக்கட்டுக்கு மண்வாழ் நுண்ணுயிரியிடம் விடை தேடினார் திருமலாச்சார். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்பிரினா என்னும் நுண்ணுயிரியிலிருந்து ஹாமைசின் பிறந்தது. பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டீராலைப் பற்றி, சவ்வைத் துளைத்து அழிப்பது அது. பயிர்களைக் காக்க ஆரியோபங்கினையும் அவர் குழு அளித்தது. பயிருக்கும் மனிதருக்கும் பகை ஒன்றே என்று கண்ட பார்வை அது.

1967இல் மருத்துவ அறிவியலுக்கான பட்நாகர் பரிசு இவரைத் தேடி வந்தது. 1999இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய போர் இன்னும் முடியவில்லை. மருந்துக்கு அடங்காத கேண்டிடா இனங்கள் இன்று பெருகிவருகின்றன. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால் ஆகிய நறுமண எண்ணெய்ப் பொருள்களும் பூஞ்சையின் சவ்வையே தாக்குகின்றன. அவற்றைப் புளூகோனசோல் போன்ற மருந்துடன் சேர்த்தால், குறைந்த அளவு மருந்தே போதுமென ஆய்வுக்கூடச் சோதனைகள் பல காட்டியுள்ளன. ஆயினும் சோதனைக் குழாய் வேறு, மனித உடல் வேறு. நீர்க்காத எண்ணெயைப் புண்ணில் தடவினால் தோல் வெந்துவிடும்.

இந்த இடைவெளியைக் கடக்கும் ஆய்வு நமக்காகக் காத்திருக்கிறது. தாவரவியல் படித்து என்ன ஆகப்போகிறாய் என்று வீட்டிலும் தெருவிலும் கேட்போர்க்குத் திருமலாச்சாரின் வாழ்வே விடை. மாணவ நண்பர்களே, நுண்ணோக்கியைத் துடைத்து வைப்போம். நம் அன்னையரின் விரல்களுக்கான மருந்து, நம் காலடி மண்ணிலும் இருக்கலாம்!