செம்பியன் மாதேவியார்

சோழ நாட்டுத் திருத்தலங்களை வழிபடச் செல்வோர், கருவறையின் புறத்தே வலம் வருங்கால், ஆங்குச் சுவர்களில் வரிவரியாகப் பொறிக்கப்பெற்றுள்ள எழுத்துக்களைக் கண்டும் காணாதார்போற் கடந்து செல்லுதல் வழக்கமாயிற்று. தேவார மூவர் பாடியருளிய காலத்து அத்திருக்கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் அமைந்திருந்தன. மழையும் வெயிலும் மரவேரும் அவற்றை எந்நாளும் அழித்துக்கொண்டேயிருந்தன. அவ்வழிவினின்றும் பல தலங்களை மீட்டுக் கருங்கல்லில் நிலைபெறுத்தினோர் யாவர் என வினவின், முதல் வரிசையில் எண்ணத்தக்கவர் போர்க்களம் வென்று மீண்ட மன்னரல்லர். நாற்பத்து நான்கு ஆண்டுகட்கு மேற் கைம்மை நோன்பிலிருந்த ஓர் அரசமாதேவியார். அவரே கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரைப் பெற்ற தாயாருமாகிய செம்பியன் மாதேவியார். அவர் வரலாற்றையும், அவர் மகனார்மீது சுமத்தப்படும் ஒரு பெரும்பழியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

செம்பியன் மாதேவி என்பது சோழர் தேவியர் வேறு சிலரும் பூண்ட பெயராகலின், கணவர் பெயரையும் மகனார் பெயரையும் உடன்கொண்டே இவ்வம்மையாரைத் தெளிதல் வேண்டும். இவர் மழவரையர் குடியிற் பிறந்தவர். கொள்ளிடத்தின் வடகரையைச் சார்ந்தது மழநாடு. மழவர் என்னும் பெயர் சைவர் செவிக்குப் புதியதன்று; திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்குற்ற முயலகன் என்னும் நோயை ஆளுடைய பிள்ளையார் தீர்த்தருளிய வரலாறு நாடறிந்தது. அம்மையார் தோன்றிய நாள் சித்திரைத் திங்கட் கேட்டை. அவருடைய அறச்செயல்களுள் காலத்தான் முற்பட்டது, முதற் பராந்தக சோழரின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டாகிய 941-இல், உய்யக்கொண்டான் திருமலை என வழங்கும் திருக்கற்குடியில் வைத்த நுந்தா விளக்கு. அன்று அவர் அரச குடும்பத்து இளைய மருமகளார். கணவர் பட்டத்துக்கு உரிய மூத்த மகனுமல்லர்.

பராந்தகரின் மூத்த மகனார் இராசாதித்தர், 949-இல் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடைய படையால் யானைமேலிருந்தவாறே உயிர் துறந்தார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. அந்நிலையில், சுருங்கிய நாட்டுக்கு அரசுரிமை எய்தியவர் இரண்டாம் மகனாராகிய கண்டராதித்தர். இழந்ததை மீட்க அவர் பெரும்போர் நிகழ்த்தியதாகச் செய்தியில்லை. இதனைக் கொண்டு அவரை ஆற்றல் குறைந்தவர் என எழுதுவாரும் உளர். தில்லைச் சிற்றம்பலத்தின்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையுட் சேர்ந்து இன்றும் ஓதப்பெறுகின்றது. தக்கோலத்தில் வென்றோரின் அரசோ அதன் பின்னர் ஐம்பதாண்டு தானும் நிலைபெற்றிலது. ஆற்றல் யாதென்பதை நம்மனோர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியார் கணவரைச் சமண் நெறியினின்றும் மீட்டற்பொருட்டு வருந்தினார். செம்பியன் மாதேவியார்க்கு அவ்வருத்தம் இல்லை. கணவரே திருமுறை யாசிரியராக வாய்த்த அரசியார் நாமறிய இவரன்றிப் பிறரிலர்.

அவ்வாழ்வு நீடித்திலது. 957-ஐ ஒட்டிக் கண்டராதித்தர் மறைந்தார். மேற்கெழுந்தருளின தேவர் எனக் கல்வெட்டு அவரைக் குறிக்கும். மேலைநாட்டுத் தலங்களை நாடிச் சென்றமையே அப்பெயர்க்குக் காரணம் என்பர் ஒரு சாரார்; இறைவன் திருவடி சேர்ந்தமையைக் குறிக்கும் மங்கல வழக்கென்பர் மற்றொரு சாரார். மகனார் மதுராந்தகர் அப்பொழுது இளங்குழவி என்பது வரலாற்றறிஞர் கருத்து. ஆகவே அரியணை கண்டராதித்தர் தம்பியாராகிய அரிஞ்சயருக்குச் சென்று, அவர் விரைவில் ஆற்றூரில் துஞ்சவே, அவர் மகனார் சுந்தர சோழருக்குரியதாயிற்று. மூத்தோன் மரபு ஒதுங்க, இளையோன் மரபு ஆளத் தொடங்கிற்று. பிற்காலத்து எழுந்த ஐயங்கட்கெல்லாம் வித்து இதுவேயாகும்.

சுந்தர சோழரின் மூத்த மகனார் இரண்டாம் ஆதித்தர் பாண்டியனை வென்ற வீரர். இளவரசுப் பட்டம் பெற்றவர். அவர் வஞ்சனையாற் கொல்லப்பட்டார். ஆற்றாத துயரத்தோடு சுந்தர சோழரும் காஞ்சிப் பொன்மாளிகையில் துஞ்சினார். அவர் தேவியார் வானவன் மாதேவியார் பால் மணம் மாறாத குழவியையும் பிரிந்து கணவருடன் தீப்புக்கார் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. ஆட்சி இளைய மகனாராகிய அருள்மொழிவர்மருக்குச் செல்லாது, செம்பியன் மாதேவியார் மகனாராகிய மதுராந்தகரை அடைந்தது. அவர் உத்தம சோழர் என்னும் பெயருடன் 970-71 முதல் 985 வரை ஆண்டார்.

கொலையால் நலம் பெற்றவர் எவரோ அவரே கொலைக்குக் காரணர் என ஐயுறுதல் உலகியல்பு. நீலகண்ட சாத்திரியார் முதலிய அறிஞர் சிலர் உத்தம சோழர்மீது இவ்வையத்தை எழுப்பினர். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தனர். உடையார்குடிக் கல்வெட்டு முதல் இராசராசரின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலையிற் பட்டவராகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சுட்டிக் கூறி, அவர்தம் உறவினரின் உடைமைகளைப் பற்றிய அரசாணையைத் தருகின்றது. உத்தம சோழர் பெயர் ஆங்குக் குற்றத்தோடு சார்த்தப்படவில்லை. எனினும், கொலையுண்டவர் தம்பியார் அரசேறிய பின்னரே இவ்வாணை காணப்படுவதென்னை? இடைப்பட்ட ஆண்டுகளில் உத்தம சோழர் வாளாவிருந்தமை யென்னை? இவ்வினாக்களை எழுப்புவோரை வெகுளுதல் முறையன்று. அவை நேர்மையான வினாக்களே.

இவற்றுக்கு எதிரே வைத்து நோக்கற்பாலன இரண்டு. ஒன்று, திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவது. குடிகள் வேண்டியும் அருள்மொழிவர்மர், தம் சிற்றப்பன் முறையினராகிய உத்தமருக்கு ஆட்சியில் விருப்பமுள்ளவரை அதனை மனத்தாலும் நாடேனென மறுத்தனர் என்பது அச்செய்தி. அரச மரபைப் புகழ எழுந்த ஏட்டின் சொல் இதுவாகலின், இதனை மட்டும் கொண்டு வழக்கை முடித்தல் ஏலாது. மற்றொன்று இதனினும் வலியது. உத்தம சோழரின் மகனார் மதுராந்தகன் கண்டராதித்தர், முதல் இராசராசரின் ஆட்சியில் உயர்ந்த பணியிலிருந்தனர். ஊர்தோறுஞ் சென்று திருக்கோயிற் கணக்குகளை ஆராய்ந்து, தவறிழைத்தாரை ஒறுத்தனர். தமையனைக் கொன்றவன் மகன் என ஓர் அரசன் துணிந்திருப்பின், அம்மகன் கையிற் சிவன் சொத்தின் காவலை ஒப்படைத்தல் கூடுமோ? கூடாதென்பதே எம் துணிபு.

அம்மையாரையே அரசியற் சூழ்ச்சியுள் வைத்து, மகன் முடிசூடுதலைத் தடுத்து நின்றனர் எனக் கூறும் கதையொன்று 1950-ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்த நெடுங்கதையொன்றால் நாட்டிற் பரவியுளது. கதை கதையளவில் இனிதே. கல்வெட்டோ செப்பேடோ அங்ஙனம் கூறவில்லை. தாயார் மகன் ஆட்சியை வெறுத்தவரல்லர். அவர்தம் பெருந்திருப்பணிகளுட் பல அவ்வாட்சியிலேயே நிகழ்ந்தன. கல் சுமக்கவும் தச்சர்க்கு ஊதியமளிக்கவும் பொருள் வேண்டுமன்றே!

இனி அத்திருப்பணிகளை நோக்குவாம். அவற்றுள் எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது திருநல்லம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட பகுதியில் கோனேரிராசபுரம் என இன்று வழங்குவது அத்தலமே. அப்பரும் சம்பந்தரும் பாடிய அத்தலத்து இறைவர்க்கு அம்மையார் கற்றளி யெடுப்பித்தனர். அதனைத் தம் பெயராலன்றித் தம் கணவர் கண்டராதித்தர் திருப்பெயரால் எடுப்பித்தனர். மகன் முடிதாங்கி ஆளும் நாளில், தாம் அரசன் தாயாக விளங்கும் அக்காலத்து, மறைந்து பல ஆண்டு சென்ற கணவர் பெயரைக் கல்லில் நிறுத்தினர். சுவரிற் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் உருவமும், அதனை அறிவிக்கும் எழுத்தும் இன்றும் உள்ளன. வாளேந்திய கோலத்தில் அவரைக் காட்ட அம்மையார் விரும்பிற்றிலர். அத்தளியைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்கேயே வெட்டப்பெற்றுள்ளது. அரசரணசேகரன் என்னும் பெயரும் அவருக்குரியதாகக் காணப்படுகின்றது. உளி பிடித்தோரை ஆண்டவர் மறந்துவிடுதல் பெருவழக்கு. ஈண்டு அது நிகழவில்லை.

அடுத்து எண்ணத்தக்கது திருக்கோடிகா. அங்கிருந்த பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்குங்கால், முன்னோர் விட்ட அறங்களைக் கூறும் பழங்கல்வெட்டுக்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுட் பல்லவர் காலத்தனவும் உண்டு. அம்மையார் அவற்றைப் படியெடுப்பித்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தனர். பிறர் செய்த அறத்தைத் தம் அறத்தினுள் மறையவிடவில்லை. தம் குலத்துப் பகைவரெனத் தக்கவரின் விளக்குப்புறமும் அழியலாகாதெனக் கருதினர். ஆயிரமாண்டு கழிந்து, திருப்பணி என்னும் பெயரால் மணல் வீசிக் கல்லைத் துலக்கி எழுத்தை மழுக்குவாரும், கல்வெட்டின்மேற் சுண்ணமும் வண்ணமும் அப்புவாரும் நம்மிடையே தோன்றினர். எவ்வூர், எவர் என்று பெயர் குறித்தல் எம் நோக்கமன்று. திருமடங்களின் ஆட்சியிலுள்ள கோயில்களிற் பணி தொடங்குமுன், தலைவர்கள் ஒருமுறை திருக்கோடிகாவுக்குச் சென்று அச்சுவரைக் கண்டு வருவராக என வேண்டிக்கொள்ளுகின்றோம்.

தென்குரங்காடுதுறையாகிய ஆடுதுறை, குற்றாலம் எனப்படும் திருத்துருத்தி, ஆனாங்கூர், விருத்தாசலமாகிய திருமுதுகுன்றம் ஆகியனவும் அம்மையார் திருப்பணி பெற்றவை. திருவாரூர் அரநெறியையும் அவரே கற்றளியாக்கினர். நெய் பெறாது வருந்திய நமிநந்தியடிகள் நீரால் விளக்கேற்றிய இடம் அது. திருக்கற்குடியில் ஒரு விளக்கோடு தொடங்கிய அம்மையார் தொண்டு, விளக்காற் சிறந்த அத்தலத்தை வந்தடைந்தமை நினைத்தொறும் இனிக்கின்றது. அவர் எடுத்த கோயில்களில், அர்த்தமண்டபத்துத் தென்சுவர் மாடத்தில் ஆடல்வல்லானின் திருவுருவத்தை அமைக்கும் முறை நிலைபெற்றதென ஆராய்ச்சியாளர் கூறுவர். தில்லைக் கூத்தனைப் பாடியவர் கணவர். அக்கூத்தனை ஊர்தோறும் கல்லில் எழுந்தருளுவித்தவர் மனைவியார். இறைவனுக்கு ஆலயம் எடுத்தலும் விளக்கிடுதலும் சரியையின்பாற்படும் என்பதறிவோம். மேல்நிலைகளைப் பேசுவார்க்கு அவை எளியனவாகத் தோன்றுதலுங் கூடும். அறுபதாண்டு இடையறாது செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை புலனாகும்.

985-இல் உத்தம சோழர் ஆட்சி முடிவுற்று, இராசராசர் அரசேறினார். அரசுரிமை மீண்டும் இளையோன் மரபுக்குச் சென்றது. இத்தகைய மாற்றங்களிற் பழைய அரசனின் தாயார் யாது ஆவர் என்பதைப் பிறநாட்டு வரலாறுகளிற் படித்திருக்கின்றோம்; சிறையும் நாடுகடத்தலும் நஞ்சும் ஆங்கு மலிந்துள்ளன. ஈண்டு நிகழ்ந்தது வேறு. இராசராசரின் பதினாறாம் ஆட்சியாண்டில், 1001-ஐ ஒட்டி, தொண்டை நாட்டுத் திருவக்கரையில் சிவலோகமுடைய பரமசுவாமிக்கு அம்மையார் கற்றளி யெடுப்பித்துக்கொண்டிருந்தனர். அப்பொழுது அவர் முதுமையின் எல்லையில் நின்றவர். பராந்தகர், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தமர், இராசராசர் என அறுவர் ஆட்சியைக் கண்டவர். கணவரையும் இழந்தார்; அரசையும் இழந்தார்; மகன்வழி அரசு வந்தது; அதுவும் அகன்றது. கல்வெட்டுக்களில் அவர் செய்கை மட்டும் மாறிற்றிலது. இருவினை யொப்பு என்று நூல்களிற் படிப்பதற்கு உலகியலில் ஒரு சாயல் காட்டுக என யாரேனும் எம்மை வினவின், இவர் வாழ்வைச் சுட்டுவேம்.

நாகப்பட்டினத்துக்கு அணித்தாகச் செம்பியன் மாதேவி என அவர் பெயராலேயே ஓர் ஊர் உண்டு. ஆங்குள்ள கயிலாயமுடையார் கோயிலில், அம்மையார் பிறந்த சித்திரைக் கேட்டையன்று வழிபாடும் அந்தணர்க்கு உணவும் நிகழ, உத்தம சோழரின் தேவியர் அறக்கட்டளை வைத்தனர். மாமியார் பிறந்த நாளுக்கு மருமக்கள்மார் அறம் வைத்தனர் என்பதை இல்லறத்தார் சற்று ஊன்றி நோக்குவராக. 1019-இல் அக்கோயிலிலேயே செம்பியன் மாதேவியாரின் திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பெற்று, அதன் வழிபாட்டுக்கு நிவந்தமும் விடப்பெற்றது. அங்ஙனம் செய்தவர் உத்தம சோழரின் வழியினரல்லர். இராசராசரின் மகனாரும், கொலையுண்ட ஆதித்தருக்குத் தம்பி மகனாருமாகிய முதல் இராசேந்திர சோழரே.