தண்டவாளத்துக்குள் எட்டிப் பார்த்த எல்மர் ஸ்பெர்ரி

கப்பலில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்களிடம் ஸ்பெர்ரி என்று சொன்னால் கைரோ காம்பஸ் என்பார்கள். விமானத் துறைக்காரர்கள் ஆட்டோ பைலட் என்பார்கள். என்.டி.டி. இன்ஸ்பெக்ஷனில் இருப்பவர்களுக்குத்தான் இன்னொரு ஸ்பெர்ரியைத் தெரியும். அவரைப் பற்றித்தான் இந்த மலரில் நாலு வார்த்தை.

எல்மர் ஆம்ப்ரோஸ் ஸ்பெர்ரி 1860 அக்டோபர் 12-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பிறந்த கையோடு தாயை இழந்த பிள்ளை. தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். இருபது வயசிலேயே சிகாகோவில் சொந்தமாக மின்சாரக் கம்பெனி தொடங்கிவிட்டார். ஆர்க் விளக்கு, சுரங்க இயந்திரம், டிராம் வண்டி என்று கை வைக்காத துறை இல்லை. 1910-ல் கைரோஸ்கோப் கம்பெனி. வாழ்நாளில் 350-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள்! நடுவில் பெரிய இடி ஒன்றும் விழுந்தது. விமானியான மகன் லாரன்ஸ், 1923 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் விமானத்தோடு மூழ்கிப் போனார். அதற்குப் பிறகும் அறுபது வயது தாண்டிய அந்த மனுஷர் ஓயவில்லை.

அப்போது அவர் கையில் இருந்த கணக்கு தண்டவாளம். 1911 ஆகஸ்ட் 25-ல் நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டர் ஊரருகே ஒரு ரயில் பாலத்தில் தடம் புரண்டு 29 பேர் இறந்தார்கள். உடைந்த தண்டவாளத்தை ஆராய்ந்தபோது, தலைப்பகுதிக்குள்ளே குறுக்காக ஒரு விரிசல் வளர்ந்திருந்தது தெரிந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தினமும் லைனில் நடந்து பார்க்கிற ஆளைக் குறை சொல்லி என்ன பயன்?

ஸ்பெர்ரி தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்சி, விரிசல் உள்ள இடத்தில் வோல்டேஜ் எப்படி மாறுகிறது என்று முதலில் அளந்தார். லேபில் சரியாக வந்தது, லைனில் சொதப்பியது. மேலே படிந்த துருவும் அழுக்கும்கூட விரிசல் மாதிரியே காட்டின. வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். இவர் வழியை மாற்றினார். வாய்க்காலில் கல் கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, விரிசலைக் கண்டால் மின்சாரமும் விலகிப் போகும். அப்போது சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறும். தண்டவாளத்தைத் தொடாமல், அதன் மேலே நகரும் காயில்களால் அந்த மாற்றத்தைப் பிடித்தார். 1928-ல் அவருடைய டிடெக்டர் கார் லைனில் இறங்கியது. குறை தெரிந்தால் பேனா காகிதத்தில் கோடு போடும். அந்த இடத்தில் பெயின்ட் தெளிக்கும். இரண்டே வருஷத்தில், 1930 ஜூன் 16-ல் ஸ்பெர்ரி காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. இணைப்புத் தகடு போட்ட இடத்தில், போல்ட் ஓட்டையிலிருந்து கிளம்பும் விரிசலை அந்த முறையால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அல்ட்ராசோனிக்கையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். ஒலி அலை போல்ட் ஓட்டை வரை இறங்கிப் பார்த்தது. ஆனால் தண்டவாளத்தின் மேல்தோல் பெயர்ந்து கிடந்தால், அலை அங்கேயே திரும்பிவிடும்; அடியில் இருக்கும் விரிசல் மறைந்துவிடும். அந்த இடத்தில் ஸ்பெர்ரியின் பழைய காயில்தான் கை கொடுத்தது. ஒன்றுக்குத் தெரியாததை இன்னொன்று காட்டியது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் பாய்லரிலோ பாலத்திலோ வெல்டிங்கைச் சோதித்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். ஒரு கருவியில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்தக் கருவிக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எந்த மாதிரி விரிசல் அதன் கண்ணுக்குத் தப்பும் என்று கேளுங்கள். அதைப் பிடிக்கிற இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அந்த ரயிலில் ஏறப்போகிறவர்கள் உங்கள் கையெழுத்தை நம்பித்தான் ஏறுகிறார்கள்.