உச்சத்தில் கலைந்த ஜப்பானின் ‘கேண்டீஸ்’: 19 ஆண்டுகள் நோயை மறைத்து வாழ்ந்த ஸூ யார்?

1978, ஏப்ரல் 4. டோக்கியோவின் கோராகுஎன் பேஸ்பால் மைதானம். பேஸ்பால் பார்க்க வருகிற கூட்டம் இல்லை அது. 55,000 பேர், பெரும்பாலும் கல்லூரி வயசுப் பசங்க. கைகளில் சிவப்பு, நீலம், மஞ்சள் நிறக் காகித ரிப்பன் சுருள்கள். மேடையில் மூன்று பெண்கள் ஏறக்குறைய 50 பாடல்களைப் பாடி முடித்தார்கள். அத்தோடு அந்தக் குழு இல்லை.

குழுவின் பெயர் கேண்டீஸ். சிவப்பு ரிப்பன் ரானுக்கு, மஞ்சள் மிகிக்கு, நீலம் ஸூவுக்கு. மூன்று பேரில் இளையவர் ஸூ. அன்றைக்கு அவருக்கு 21 வயது, 22 ஆக நான்கு நாள் பாக்கி. சாதாரணப் பெண்களாகத் திரும்ப ஆசைப்படுகிறோம் என்பதுதான் குழு சொன்ன காரணம். ஜப்பானில் இன்றும் அந்த வரியை அறியாதவர் குறைவு. அந்த மூவரில் சாதாரண வாழ்க்கை என்பது ரொம்பச் சிக்கலாக வாய்த்தது ஸூவுக்குத்தான்.

தூண்டில் கடைப் பெண்

ஸூவின் இயற்பெயர் தனகா யோஷிகோ. 1956 ஏப்ரல் 8ஆம் தேதி டோக்கியோவின் அதாச்சி பகுதியில் பிறந்தார். மீன் பிடிக்கும் தூண்டில், நரம்பு எல்லாம் விற்கிற கடைதான் வீட்டுத் தொழில்.

அப்போது ஜப்பானின் பொழுதுபோக்கு உலகில் பெரிய முதலாளி வதனபே புரொடக்ஷன்ஸ். பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்து, பயிற்சி கொடுத்து, டிவி நிகழ்ச்சிகளுக்கு அனுப்பி, பாடல் பதிவுகளின் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்ட நிறுவனம். இன்றைய ஜே-பாப், கே-பாப் பயிற்சி முறைகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட கதையாகத் தெரியும். அதன் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று இங்கேதான். அந்த நிறுவனத்தோடு சேர்ந்த இசைப் பள்ளியில் படித்த பிள்ளைகளை, பெரிய பாடகர்களுக்குப் பின்னால் ஆடும் ‘ஸ்கூல் மேட்ஸ்’ என்ற குழுவில் சேர்ப்பார்கள். தனகா யோஷிகோ, இத்தோ ரான், ஃபுஜிமுரா மிகி மூவரும் அந்தப் பின்வரிசையில் இருந்து வந்தவர்கள்.

1972இல் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஒரு பாட்டு நிகழ்ச்சியில் உதவிக்கு நிற்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். இவர்கள் மூவரும் போனார்கள். கேண்டீஸ் என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. 1973 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

நடுவில் யார் நிற்பது?

ஆரம்பத்தில் நடுவில் நின்று பாடியவர் ஸூ. முதல் நான்கு இசைத்தட்டுகளும் அப்படித்தான். எதுவும் பெரிதாக எடுபடவில்லை. ஐந்தாவதில் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. ஸூவை ஓரத்துக்கு நகர்த்தி, ரானை நடுவில் நிறுத்தியது. தன்னைவிட வயது குறைந்த பையனைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றிய பாட்டு அது. 1975 பிப்ரவரியில் வந்தது, முதல் பத்து இடங்களுக்குள் போனது. அதற்குப் பிறகு நடுவிடம் பெரும்பாலும் ரானுக்கே.

ஐடல் குழுக்களில் ‘சென்டர்’ என்று ஒரு இடம் உண்டு. கேமரா அதிகம் பார்க்கிற இடம், அட்டையில் முதலில் தெரிகிற முகம். இன்றைய குழுக்களில் அதற்காக ரசிகர்கள் ஓட்டுப் போட்டுச் சண்டையே நடக்கும். ஸூ அதை 18 வயதில் இழந்தார். கேண்டீஸின் பாட்டு மூன்று குரல் இணைந்து ஒலிப்பதால்தான் கேண்டீஸின் பாட்டு. அதைக் கேட்டால், ஸூ ஓரத்துக்குப் போனதால் குறைந்துபோனவராகத் தெரியவில்லை. நகைச்சுவையிலும் மூவரும் சளைக்கவில்லை. ‘டிரிஃப்டர்ஸ்’ குழுவின் சனிக்கிழமை இரவு காமெடி நிகழ்ச்சியில் வாராவாரம் வந்து, அடிபடுவதும் விழுவதுமாகக் கலக்கினார்கள். அழகுப் பதுமைகளாக நின்று பாடிவிட்டுப் போகும் பாடகிகளுக்கு நடுவில் அது புதுசு.

1976 மார்ச்சில் வசந்தத்தின் முதல் பலத்த காற்றைப் பற்றிய ‘ஹாரு இச்சிபான்’ வந்தது. ஆல்பத்தில் ஒரு மூலையில் கிடந்த பாட்டு, ரசிகர்கள் கச்சேரிகளில் கொண்டாடியதால் தனித்தட்டாக வெளியிடப்பட்டது. ஜப்பானில் குளிர்காலம் முடியும்போதெல்லாம் இன்றைக்கும் ஒலிக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பிங்க் லேடி’ என்ற இருவர் குழு வந்து விற்பனையில் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டது. கேண்டீஸ் புகழ்பெற்றிருந்தது, ஆனால் முதலிடம் மட்டும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. சராசரியாக மூன்று மாதத்துக்கு ஒரு புதுத் தட்டு, நடுவில் டிவி, ஊர் ஊராகக் கச்சேரி என்று ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

மேடையிலேயே ராஜினாமா

1977 ஜூலை 17. டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் கோடைக்காலச் சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி. கடைசியில் மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதபடி, செப்டம்பரோடு குழுவைக் கலைக்கிறோம் என்று அறிவித்தார்கள். நிறுவனத்தின் சம்மதம் கிடைக்கும் முன்பே, நேராக ரசிகர்களிடம்.

இதன் துணிச்சல் இன்று சட்டெனப் புரியாது. மாதச் சம்பளத்துக்கு இருக்கிற 21, 22 வயதுப் பெண்கள், நாட்டின் மிகச் செல்வாக்கான பொழுதுபோக்கு நிறுவனத்தைக் கேட்காமல் தங்கள் வேலைக்கு முடிவு தேதி குறிக்கிறார்கள். ஐடல் என்றால் நிறுவனம் போகச் சொல்லும்வரை நிற்பவர், அல்லது கல்யாணம் ஆகிப் போகிறவர். சும்மா போகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், ராஜினாமாக் கடிதத்தை எச்ஆரிடம் கொடுக்காமல் வாடிக்கையாளர்கள் கூட்டத்தில் வாசித்தது மாதிரி. பேச்சுவார்த்தைக்குப் பிறகு நிறுவனத்துக்கு ஆறு மாதம் கூடுதல் நோட்டீஸ் பீரியட் கிடைத்தது. செப்டம்பர், அடுத்த ஏப்ரலாக மாறியது.

உச்சத்தில் இருக்கும்போது விலகினார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. விலகுகிறோம் என்று சொன்ன பிறகுதான் அந்த உச்சமே வந்தது. நாடு முழுக்க ரசிகர் அமைப்புகள் கைகோத்தன. ஒரே ஒரு தடவையாவது முதலிடம் வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று இசைத்தட்டை வாங்கித் தள்ளினார்கள். 1978 பிப்ரவரி 25இல் வந்த 17ஆவது தட்டு ‘ஹோஹோஎமி கயேஷி’. பழைய பாட்டுகளின் தலைப்புகளையே வரிகளுக்குள் கோத்து எழுதப்பட்ட விடைபெறும் பாட்டு. ஓரிகான் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கு அடுத்த மாதமே கோராகுஎன்.

திரும்பி வந்தவர்

சாதாரணப் பெண்ணாக ஸூ இருந்தது சுமார் இரண்டு ஆண்டு. 1980இல் நடிகையாகத் திரும்பினார். அந்தக் காலத்தில் தம்பியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ரானும் அதே ஆண்டு சினிமாவுக்கு வந்தார். மிகி 1983இல் கொஞ்ச காலம் தனியாகப் பாடிவிட்டு, கல்யாணத்தோடு முழுசாக ஒதுங்கிக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்று மற்ற இருவரையும் அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. அவர்கள் விட நினைத்தது வேலையையா, அந்த வேலை நடந்த விதத்தையா என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் கிண்டலில் சத்து இல்லை. ரான் மறுபடி பாடகியாக மேடையேறியது 2019இல்தான். 2023 டிசம்பர் 31 அன்று, என்எச்கேயின் புகழ்பெற்ற ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியில் தன் 68ஆவது வயதில் கேண்டீஸ் பாடல்களைப் பாடினார்.

ஸூவை, அதாவது நடிகை தனகா யோஷிகோவை, நாடு வேறு கண்ணோடு பார்க்க வைத்தது 1989இல் வந்த ‘குரோய் அமே’, கறுப்பு மழை. இபுசே மசுஜியின் நாவலை இமாமுரா ஷோஹெய் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். அதே ஆண்டு அதே பெயரில் ஒசாகாவில் எடுக்கப்பட்ட ஹாலிவுட் போலீஸ் படமும் ஒன்று உண்டு, ஓடிடியில் தேடுகிறவர்கள் குழம்பிவிட வேண்டாம்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு கதிரியக்கச் சாம்பல் கலந்து பெய்த மழையைத்தான் கறுப்பு மழை என்கிறார்கள். அதில் நனைந்த யசுகோ என்ற இளம்பெண்தான் ஸூவின் பாத்திரம். சில ஆண்டு கழித்து, கிராமத்தில் மாமா, அத்தை வீட்டில் இருக்கிறாள். பார்க்க ஆரோக்கியமாகத்தான் தெரிகிறாள். ஆனால் குண்டு வெடித்த ஊரில் இருந்தவள் என்ற பேச்சு எட்டியதும் ஒவ்வொரு வரனும் தட்டிப்போகிறது. அவள் உடம்பில் ஒன்றும் இல்லை என்று நிரூபிக்க, மாமா அவளுடைய டைரியைப் பார்த்து எழுதுகிறார். ஒரு நாள் குளிக்கும்போது தலைமுடி கையோடு கொத்தாக வருகிறது. அந்தக் காட்சியில் ஸூ அழுவதில்லை. கையில் வந்த முடியைப் பார்க்கிற அந்தப் பார்வைதான் படம் முடிந்த பிறகும் நம்மை விடுவதில்லை.

படம் கான் விழாப் போட்டிப் பிரிவுக்குப் போனது. ஜப்பான் அகாடமியின் சிறந்த நடிகை விருது ஸூவுக்குக் கிடைத்தது. அதே 1989இல் ஒரு காட்சில்லா படத்திலும் நடித்தார். இரண்டும் அணுகுண்டின் நிழலில் பிறந்த கதைகள்தான்.

யாருக்கும் சொல்லாத 19 வருடம்

1991இல் அவருக்குத் திருமணம். கணவர் தொழிலதிபர், நடிகை நட்சுமே மசாகோவின் அண்ணன். நட்சுமே 1985இல் 27 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவர். சிகிச்சையில் முடி உதிர்பவர்களுக்கு இலவசமாக விக் கொடுத்து உதவும் ஒரு நிதியம் பின்னாளில் அவர் பெயரில் தொடங்கப்பட்டது. ஸூ மருமகளாகப் போனது அந்த வீட்டுக்கு.

திருமணமான அடுத்த ஆண்டே, 1992இல், ஸூவுக்கு மார்பகப் புற்றுநோய். வயது 36. சிகிச்சை நடந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. அவர் தொடர்ந்து நடித்தார். 2001இல் என்எச்கேயின் காலைத் தொடரான ‘சுராசன்’ வந்தபோது, ஒகினாவாப் பெண்ணான கதாநாயகிக்கு அம்மாவாக தினமும் வீட்டு வரவேற்பறைகளில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களில் பலருக்கு அவர் கேண்டீஸில் பாடியவர் என்பதே அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஏன் மறைத்தார் என்று இன்று கேட்பது சுலபம். நோயை வெளியே சொல்கிற பிரபலங்களை இப்போது பாராட்டுகிறோம், விழிப்புணர்வு என்கிறோம். 90களில் அந்த நோய் தெரிந்தால் ஒரு நடிகையைப் பார்க்கிற விதம் மாறும், காட்சிக்கு காட்சி பரிதாபம் தேடுவார்கள். யசுகோவுக்கு நடந்ததும் அதுதானே. நோயை மறைத்ததால்தான் ஸூவால் வேலைக்குப் போய், வீட்டுக்கு வந்து, எல்லோரையும் போல வாழ முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2010 கடைசியில் நோய் மீண்டும் தலைதூக்கியது. 2011 மார்ச் 11இல் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணுஉலை விபத்து. மார்ச் 29 அன்று மருத்துவமனையில் படுத்தபடி, தன் குரலை ஒரு பதிவாக எடுக்கச் சொன்னார். ஏப்ரல் 21ஆம் தேதி இறந்தார். 55 வயது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செய்தி வந்த அன்றுதான் 19 ஆண்டுகளாக அவருக்குப் புற்றுநோய் இருந்தது நாட்டுக்குத் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து டோக்கியோ அயோயாமாவில் இறுதி நிகழ்ச்சி. அங்கே அந்தப் பதிவை ஒலிக்க விட்டார்கள். மூச்சு வாங்குகிற, மெலிந்த குரல். பூகம்பத்தில் உயிரிழந்தவர்களைப் பற்றித்தான் முதலில் பேசினார், மேலுலகில் அவர்களுக்கு உதவியாக இருக்க விரும்புவதாகச் சொன்னார். ரானையும் மிகியையும் எவ்வளவு பிடிக்கும் என்றார். இன்னும் நடிக்க ஆசைப்பட்டதை மறைக்கவில்லை. தங்கை என்று நட்சுமே மசாகோவைக் குறிப்பிட்டு, அவரைப் போலச் சமூகத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் கணவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விடைபெற்றார்.

ரானும் மிகியும் தோழிக்கு இரங்கல் உரை வாசித்தார்கள். வெளியே, கோராகுஎன் மைதானத்தில் கல்லூரிப் பையன்களாக நின்றவர்கள் 50 வயதைக் கடந்த ஆட்களாக, கறுப்பு கோட்டுகளில் காத்திருந்தார்கள். சவ வண்டி கிளம்பியதும் அவர்கள் ஸூவின் பெயரை உரக்கக் கூப்பிட்டபடி ரிப்பன் சுருள்களை வீசினார்கள். எல்லாம் நீலம்.