மாட்டுத் தொழுவத்தில் கிடைத்த விடை

உயிரியல் விரிவுரைகளில் சர் பீட்டர் மெடவாரின் பெயர் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து போய்விடும். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வு, 1960-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, அவ்வளவுதான். தேர்வுக்கு அது போதும். ஆனால், அந்தப் பரிசுக்குப் பின்னால் சில இரட்டைக் கன்றுகள் நின்றிருந்ததை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

மெடவார் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பிரேசிலில் பிறந்தார். தந்தையார் லெபனானிலிருந்து வந்த வணிகர், தாயார் பிரிட்டிஷ்காரர். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடித்து, ஆக்ஸ்போர்டில் விலங்கியல் பயின்றார். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர்.

1940-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஆக்ஸ்போர்டில் அவர் வீட்டருகே ஒரு போர் விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த விமானப் படை வீரர் உடலெங்கும் தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தார். செய்வதறியாத மருத்துவர்கள், விலங்கியலாளரான மெடவாரிடம் ஆலோசனை கேட்டனர். வெந்த இடத்தை மூட நோயாளியிடமே போதிய தோல் இல்லை. பிறர் தோலை ஒட்டினால் சில நாள்களில் உதிர்ந்துவிடுகிறது. ஏன்?

விடை தேடி அவர் கிளாஸ்கோ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து, தீக்காயமுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை இரண்டு தவணைகளில் ஒட்டிக் கவனித்தார். இரண்டாம் தவணைத் தோல் முதல் தவணையைவிட விரைவாக அழிந்தது. அப்படியானால், உடல் அந்நியத் தோலை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. கிருமியை எதிர்ப்பதைப் போலவே அதையும் எதிர்க்கிறது. 1943-இல் இதை இருவரும் வெளியிட்டனர். முயல்களில் செய்த சோதனைகளும் இதையே உறுதிப்படுத்தின. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அது மாற்றவே முடியாத தடையாகத் தோன்றியது.

கதை திரும்புவது இங்கேதான். 1948-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மரபியல் மாநாட்டில், கால்நடை இனவிருத்தி ஆய்வாளர் ஹியூ டொனால்டு ஒரு சிக்கலைச் சொன்னார். இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து வந்தவையா, இரண்டு கருக்களிலிருந்து வந்தவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெடவாருக்கு இது எளிதாகப் பட்டது. ஒன்றின் தோலை மற்றதன் மேல் ஒட்டிப் பார்த்தால் போதும். ஒருகரு இரட்டையர் ஏற்றுக்கொள்ளும், இருகரு இரட்டையர் தள்ளிவிடும். அப்போது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், தம் மாணவர் ரூபர்ட் பில்லிங்ஹாமை அழைத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்ச் சோதனையைத் தொடங்கினார்.

கன்றுகள் அவர் கணக்கைப் பொய்யாக்கின. ஏறக்குறைய எல்லா இரட்டையரும் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. காளைக்கன்றும் கிடேரியும்கூட! ஆணும் பெண்ணுமான இரட்டையர் ஒரே கருவிலிருந்து வந்திருக்க முடியாதே.

விளக்கம் ஏற்கெனவே அச்சில் இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாடுகளின் பெற்றோரை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனைகள் நடத்தப்பட்டு வந்தன. அங்கே பணியாற்றிய ரே ஓவன், இரட்டை மாடுகளின் உடலில் இரண்டு வகை இரத்தம் கலந்திருப்பதை 1945-இல் அறிவித்திருந்தார். தாயின் வயிற்றில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்த நாளங்கள் பெரும்பாலும் இணைந்துவிடுகின்றன. சிவப்பணுவின் ஆயுள் சில மாதங்கள்தான். ஆனால், வளர்ந்த மாட்டிலும் உடன்பிறப்பின் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எனவே பிறப்பதற்கு முன்பே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது வெறும் இரத்தமன்று, இரத்தத்தை உண்டாக்கும் தாய் அணுக்கள். இன்று நாம் குருத்தணு என்றும் ஸ்டெம் செல் என்றும் சொல்பவை அவைதாம். கால்நடை மருத்துவம் படிக்கும் நண்பர்களை மாட்டு டாக்டர் என்று கேலி செய்வோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இயற்கை செய்ததைத் தாமும் செய்து பார்க்க மெடவார் முனைந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறிய பின், பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகியோருடன் சேர்ந்து, கருவிலிருந்த எலிக்குஞ்சுகளுக்கு வேறோர் இனத்து எலியின் உயிரணுக்களைச் செலுத்தினார். அவை பிறந்து வளர்ந்ததும் அதே இனத்தின் தோலை ஒட்டினார். பழுப்பு எலியின் முதுகில் வெள்ளை முடி செழித்து வளர்ந்தது. 1953-இல் வெளியான இந்த ஆய்வே அவருக்கும் ஆஸ்திரேலியரான மெக்பார்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசைத் தேடித் தந்தது. பரிசுத் தொகையில் தம் பங்கை மெடவார் பில்லிங்ஹாமுடனும் பிரெண்டுடனும் பகிர்ந்துகொண்டார். ஓவனும் பரிசு பெற்றிருக்க வேண்டும் என்று அவருக்கே கடிதமும் எழுதினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கருவிலிருக்கும் மனிதக் குழந்தைக்கு இதைச் செய்ய முடியாது. அதனால் எலிச் சோதனை நேரடியாக ஒரு சிகிச்சையாக மாறவில்லை. தடையை உடைக்க முடியும் என்று மட்டுமே அது காட்டியது. அதுவே உறுப்பு மாற்று மருத்துவர்களுக்குத் துணிவைத் தந்தது.

1969-இல், 54-ஆம் வயதில், எக்சிட்டர் தேவாலயத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது மெடவார் பக்கவாதத்தால் சாய்ந்தார். உடல் ஒத்துழைக்க மறுத்தது. ஆய்வும் எழுத்தும் நிற்கவில்லை. இளம் அறிவியலாளர்களுக்கான அறிவுரை நூலை 1979-இலும் தன்வரலாற்றை 1986-இலும் வெளியிட்டார். 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தார்.

அவர் கண்ட தடை இன்னும் மருத்துவர்கள் முன் நிற்கிறது. தசைநாண் காயமுற்ற ஒரு குதிரைக்குக் குருத்தணு சிகிச்சை அளித்ததை பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்டபோது, அவர்கள் பயன்படுத்தியது அதே குதிரையின் எலும்பு மஜ்ஜையில் எடுத்த அணுக்களைத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வேறு வழி முயன்றார்கள். பன்றிகளிலும் குரங்குகளிலும் சோதித்த பிறகு, ஐந்து நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் எலும்பு மஜ்ஜையையும் செலுத்தினார்கள். ஒருவருக்கு அந்தச் சிறுநீரகம் நிலைக்கவில்லை. மற்ற நால்வரும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டும் நலமாக இருந்தனர் என்று 2008-இல் அறிவிக்கப்பட்டது.