தளராமல் தட்டிய சிறுமலர்

தேர்வு நெருங்கிவிட்டால் நம் பள்ளிச் சிற்றாலயத்தில் முழங்காலிட இடம் கிடைப்பதில்லை. மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்திகள் வரிசையாக எரியும். தேர்வு முடிந்த மறுநாள் பார்த்தாலோ பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும்! அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்திதான். சென்ற ஆண்டு என் பாட்டிக்குக் கண்பார்வை திரும்ப வேண்டும் என்ற கருத்துக்காக ஒன்பது நாள் நவநாள் செய்தேன். பத்தாம் நாளும் பாட்டி சுவரைத் தடவித் தடவியே நடந்தார். இறைவன் நம் குரலைக் கேட்கவில்லை என்று எண்ணி, ஜெபமாலையை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். சில நாள் கழித்துப் புனித குழந்தை தெரேசாவின் வரலாற்றைப் படித்தேன். என் வயதில் அவர் செய்ததை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தோழியரே, அந்த வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டில் அலென்சோன் என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் தெரேசா பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். எஞ்சிய ஐந்து பெண்களில் தெரேசாவே கடைக்குட்டி. அவருக்கு நான்கரை வயதானபோது, 1877 ஆகஸ்டு 28 அன்று, தாய் புற்றுநோயால் இறந்தார். தாயற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தந்தை லிசியே நகரில் குடியேறினார்.

தெரேசா தம் அக்காள் பவுலினையே தாயாகக் கொண்டார். 1882இல் பவுலினும் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிடவே, சிறுமியின் உள்ளம் உடைந்தது. அடுத்த ஆண்டு கடும் நோயில் விழுந்தார். மருத்துவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. குடும்பத்தார் அனைவரும் அன்னை மரியிடம் மன்றாடினர். 1883 மே 13, தூய ஆவியின் திருநாளன்று, கட்டிலருகே இருந்த மாதா சுரூபம் தம்மைப் பார்த்துப் புன்னகை புரிவதைத் தெரேசா கண்டார். அன்றே நோய் நீங்கியது.

நோய் நீங்கினாலும் தொட்டதற்கெல்லாம் அழும் குணம் நீங்கவில்லை. 1886 கிறிஸ்து பிறப்பு விழா இரவில், பரிசுகள் வைத்த காலணிகளைப் பார்த்த தந்தை, இந்தக் குழந்தைத்தனம் இந்த ஆண்டோடு முடிந்தால் நல்லது என்று சலித்துக்கொண்டார். அது தெரேசாவின் காதில் விழுந்தது. வழக்கமாக அழுது தீர்க்கும் அவர், அன்று கண்ணீரை விழுங்கிக்கொண்டு சிரித்த முகத்துடன் பரிசுகளைப் பிரித்தார். பல ஆண்டுகளாகத் தம் முயற்சியால் முடியாததை இறைவன் ஒரே இரவில் முடித்துக் கொடுத்தார் என்று அவர் பின்னாளில் எழுதினார்.

அடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் பிரான்சினி என்பவன் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்றான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, மரண தண்டனை விதித்தது. அவன் மனம் வருந்தியதாகத் தெரியவில்லை. நாடே அவனை வெறுத்தது. பதினான்கு வயதுத் தெரேசாவோ அவனுடைய ஆன்மாவுக்காக விடாமல் ஜெபித்தார். அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். எந்த அடையாளமும் கிடைக்காவிட்டாலும் இறைவன் அவனை மன்னிப்பார் என்று நம்பினார். ஆயினும் தம் ஆறுதலுக்காக ஓர் அடையாளம் வேண்டினார். 1887 ஆகஸ்டு 31 அன்று கொலைமேடை ஏறிய பிரான்சினி, கடைசி நொடியில் திரும்பி, குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டான். செய்தித்தாளில் அதைப் படித்த தெரேசா கண்ணீர் வடித்தார்.

அதே ஆண்டில் தமக்காகவும் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர வேண்டும் என்பதே அவர் ஆவல். மே 29 அன்று தந்தையிடம் சொன்னார். அந்த நல்ல மனிதர் கண்ணீருடன் இசைந்து, தோட்டத்துச் சுவரோரத்தில் இருந்த ஒரு சிறு வெண்மலரை வேரோடு எடுத்து மகளுக்குக் கொடுத்தார். மாமா முதலில் மறுத்துப் பிறகு இசைந்தார். மடத்தின் மேற்பார்வைக் குருவோ இருபத்தொரு வயது ஆகட்டும் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். அக்டோபர் 31 அன்று தெரேசா பாயே நகருக்குச் சென்று ஆயரைக் கண்டார். வயது கூடத் தெரியட்டும் என்று கூந்தலை உயர்த்தி முடிந்துகொண்டு போனாராம்! ஆயர் அன்பாகப் பேசினார். ஆனால் அனுமதி தரவில்லை.

நவம்பரில் தந்தையுடனும் அக்காள் செலினுடனும் உரோமைக்குத் திருப்பயணம் சென்றார். 20ஆம் நாள் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரைச் சந்திக்கும் பேறு கிடைத்தது. பாப்பரசரிடம் யாரும் பேசக்கூடாது என்று உடன் வந்த குரு தடை விதித்திருந்தார். ஆயினும் தெரேசா பாப்பரசரின் முழங்காலில் கைகளை ஊன்றித் தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டார். மேலதிகாரிகள் சொல்வதைச் செய், இறைவனுக்குச் சித்தமானால் மடத்தில் சேர்வாய் என்பதே பதில். மேலும் கேட்க முயன்றவரைக் காவலர்கள் தூக்கிக் கொண்டுபோய் வெளியே விட்டனர்.

எத்தனை கதவுகள்! எல்லாம் மூடியே கிடந்தன. தம்மைக் குழந்தை இயேசுவின் கையிலுள்ள ஒரு சிறு பந்தாக எண்ணினார் தெரேசா. குழந்தை விளையாடினாலும் சரி, ஒரு மூலையில் போட்டுவிட்டுத் தூங்கினாலும் சரி, தாம் அவருடைய பந்துதான் என்று அமைதி கொண்டார். அமைதி கொண்டார் என்பதற்காக ஜெபத்தையும் முயற்சியையும் விட்டுவிடவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவும் பதில் இல்லாமலே கடந்தது. ஆயரின் அனுமதி வந்த செய்தி 1888 ஜனவரி முதல் நாள் அவருக்குக் கிடைத்தது. தவக்காலம் முடியட்டும் என்று மடத்தார் மேலும் மூன்று மாதம் காக்க வைத்தனர். ஏப்ரல் 9 அன்று கார்மேல் மடத்தின் கதவு திறந்தது. அப்போது அவருக்கு வயது பதினைந்து.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கேட்டது கிடைத்தது என்று நாமும் மகிழ்ந்து போய்விடலாம். ஆனால் அதற்குப் பிறகுதான் தெரேசாவின் நம்பிக்கை உண்மையாகவே சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அன்புத் தந்தை மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார். மகள்கள் எவ்வளவோ மன்றாடியும் அவர் முழு நலம் பெறாமலே 1894இல் இறந்தார். தெரேசாவின் தியான நேரங்களும் வறண்டு கிடந்தன. களைப்பினால் பலமுறை ஜெபத்திலேயே தூங்கிவிடுவார். தூங்கும் குழந்தையைப் பெற்றோர் வெறுப்பதில்லை என்று எண்ணித் தம்மைத் தேற்றிக்கொள்வார்.

1896 பெரிய வியாழன் இரவு அவர் வாயிலிருந்து முதன்முதலாக இரத்தம் வந்தது, காசநோய்! அதே பாஸ்கா நாட்களில் அவர் உள்ளத்தையும் இருள் சூழ்ந்தது. மோட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்ற எண்ணம் இரவும் பகலும் அவரை வாட்டியது. பாடினால் இனிமை இல்லை, ஜெபித்தால் ஆறுதல் இல்லை. அப்போது தெரேசா செய்தது என்ன? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தொலைநாட்டு மறைபணியாளர் இருவருக்காகத் தம் வேதனைகளை ஒப்புக்கொடுத்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்த இருளிலேயே ஜெபித்து, 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்து நான்காம் வயதில் உயிர் துறந்தார்.

1925இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து வேதம் போதித்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு இணையாக, மடத்தின் மதிலுக்குள் முழங்காலிட்டிருந்த ஒரு பெண்! 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பெருமையும் வந்தது. 2015இல் அவர் பெற்றோரும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

தோழியரே, கேட்டதைப் பெறுவதற்காக மட்டும் ஜெபித்திருந்தால், தந்தை நோயுற்றபோதே தெரேசா ஜெபத்தை நிறுத்தியிருப்பார். கொடுத்தாலும் கொடாவிட்டாலும் அவர் நம் தந்தை என்று நம்பியதால்தான் இருளிலும் அவர் கையை விடாமல் பற்றிக்கொள்ள முடிந்தது.

என் பாட்டிக்குப் பார்வை இன்னும் திரும்பவில்லை. ஆனால் அவர் ஒரு நாளும் ஜெபமாலையை விட்டதில்லை என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன். மணிகளை எண்ண விரல்கள் போதுமே! நானும் இழுப்பறையைத் திறந்து என் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். மாலை விளக்கு ஏற்றியதும் பாட்டி முதல் பாதியைச் சொல்ல, நான் மறுபாதியைச் சொல்கிறேன். பார்வைக்காக இன்றும் கேட்கிறோம். நாளையும் கேட்போம்.