2 வருஷத்தில் 10,000 துப்பாக்கி... அமெரிக்காவையே நம்ப வைத்த எலி விட்னி! உண்மை வெளிவந்தது எப்படி?

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் எலி விட்னி. எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்ற முறையைக் கொண்டு வந்தவர் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடிய மனிதர். ஆனா, அவர் செய்த துப்பாக்கிகளே அந்தக் கதையை மாற்றி எழுதின. யார் இவர்?

ஆணி செய்த சிறுவன்

1765 டிசம்பர் 8-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சுதந்திரப் போர் நேரத்தில் ஆணிக்குத் தட்டுப்பாடு வர, அப்பாவின் பட்டறையிலேயே ஆணி செய்து விற்றார்.

யேல் கல்லூரியில் படித்து முடித்து ஜார்ஜியா போனவர், 1793-ல் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பருத்தித் தோட்டங்கள் பெருகின. கூடவே அடிமை முறையும் வளர்ந்தது. ஆனால் விட்னி கையில் காசு நிற்கவில்லை. பலரும் இயந்திரத்தைக் காப்பியடிக்க, வந்த பணத்தை வழக்குகளே விழுங்கின.

கையில் வந்த கான்ட்ராக்ட்

1798-ல் பிரான்சுடன் போர் மூளும் சூழல். 10,000 மஸ்கட் துப்பாக்கிகள், ஒன்றுக்கு 13.40 டாலர் என அரசுடன் ஒப்பந்தம் போட்டார் விட்னி. கெடு 1800 செப்டம்பர். இத்தனைக்கும் அதுவரை அவர் ஒரு துப்பாக்கிகூட செய்ததில்லை!

அப்போது துப்பாக்கிகளைக் கையால் அரம் போட்டுச் செய்தார்கள். ஒரு ஸ்க்ரூ உடைந்தால்கூட, அதற்கேற்ப புதிதாகச் செய்துதான் மாட்ட வேண்டும். எல்லா பாகத்தையும் ஒரே அளவில் செய்தால் இந்தச் சிக்கலே இல்லை என்றார் விட்னி. கெடு முடிந்தும் ஒரு துப்பாக்கிகூட வரவில்லை.

அசத்திய டெமோ

1801 ஜனவரியில் வாஷிங்டன் போனார். அதிபர் ஜான் ஆடம்ஸ், அடுத்து அதிபராகவிருந்த ஜெஃபர்சன் உள்ளிட்டோர் முன்பு, சுடும் விசை அமைப்பான 'லாக்'குகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். எல்லோரும் அசந்து போனார்கள். கூடுதல் அவகாசமும் பணமும் கிடைத்தன. கடைசித் தவணைத் துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தது 1809-ல்!

சாட்சி சொன்ன துப்பாக்கிகள்

1825 ஜனவரி 8-ல் விட்னி இறந்தார். 1960-களில் ஆய்வாளர்கள், பாதுகாக்கப்பட்ட அவரது துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கிக்கு என்று தெரிய தனித்தனி அடையாளக் குறிகள் வேறு! எதை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம் என்றால், குறி எதற்கு? 1801-ல் காட்டியது அதற்கென்றே தயார் செய்தவையாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

அப்போ விட்னி ஏமாற்றுக்காரரா? அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அந்த யோசனையை அரசு நம்பிப் பணம் போட அவரும் ஒரு காரணம். அதைச் செய்து காட்டியவர் ஜான் ஹால். 1820-களில், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுத ஆலையில்.

பழைய துப்பாக்கியைத் தேய்த்து பளபளப்பாக்கக் கூடாது என்று அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் சொல்வதும் இதனால்தான். துருவோடு சேர்ந்து அந்தக் குறிகளும் போய்விட்டால், அப்புறம் உண்மையைச் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது.